நட்டு உட்காரும் இடம்

என் சகலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எங்கள் தெருவில் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் என் மாமியார், இரண்டாவது ஆள் என் மனைவி. என்னைக் கேட்டால் நானும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் பல்லைக் கடித்துக்கொள்வேன். அவனைப் பற்றி எழுத மற்றவர்களைவிட எனக்குத்தான் தகுதி அதிகம். அவனைப் பிடித்தவர்கள் அவனை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் வயிற்றெரிச்சலோடு பதினோரு வருடமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் வீட்டுக்கு நான் மூத்த மாப்பிள்ளை. மெயின் ரோட்டில் இருக்கும் டயர்க் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலாளி வாரத்துக்கு ஒருநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். பஞ்சர், டயர் மாற்றுவது, அலைன்மென்ட், துருப்பிடித்த ரிம்முக்குப் பெயின்ட் என்று மற்றதெல்லாம் என் தலையில்தான். அவன் இளைய மாப்பிள்ளை, என் கொழுந்தியாளின் கணவன். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறான். வருகிறவர் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஓரடி பின்னால் போய், தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பதுதான் அவன் பிழைப்பு. அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. மாமியாரிடம் கால்வலியைப் பற்றிக் கேட்டாலும் அதே சாய்ந்த தலை, அதே கேள்வி. பிறகு எப்படிப் பிடிக்காமல் போகும்? அந்த வீட்டில் நான் 'டயர் மாப்பிள்ளை'. அவன் 'தங்க மாப்பிள்ளை'. எனக்குத் தொழிலால் பேர் வந்தது, அவனுக்குக் குணத்தால் வந்தது. இதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அவன் எதையும் புதிதாக வாங்கி நான் பார்த்ததில்லை. கைக்கடிகாரம் பழசு, கட்டில் பழசு, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் பழசு. எல்லாவற்றையும் பாதி விலைக்கு வாங்கிவந்து, ஃபோனில் வீடியோ பார்த்து, இரண்டு மூன்று சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டி, புதுசு தோற்றுப்போகிற மாதிரி ஆக்கிவிடுவான். மாமியாரின் மிக்ஸி மூன்று வருடமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. "புதுசு ஒண்ணு வாங்கிடுங்க அத்தை" என்றேன் நான். அவன் அதைப் பிரித்து, உள்ளே தேய்ந்திருந்த ஒரு ரப்பர் வளையத்தை மாற்றி ஓடவிட்டான். அன்று சாயங்காலம் பூராவும் அந்த வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம்தான். அரைக்க ஒன்றுமில்லாதபோதும் ஓட்டிப் பார்த்தார்கள். இதே காரியத்தை நான் செய்திருந்தால் கஞ்சம் என்பார்கள். அவன் செய்தால் சிக்கனம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தப் பழமொழியில் மூத்த மாப்பிள்ளைக்கும் ஓர் ஓரத்தில் இடம் ஒதுக்கவேண்டும்.

எனக்கென்று அந்த வீட்டில் ஒரே ஒரு மரியாதை மிச்சம் இருந்தது. என்னிடம் கார் இருந்தது. ஓட்டை உடைசல்தான், ஆனாலும் கார். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் கோளாறு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவேண்டும். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு அழைத்துப்போவேன். அன்றைக்கு முதல் காப்பி எனக்கு. அன்றைக்கு "மாப்பிள்ளை சாப்பிட்டாரா" என்று இரண்டு தடவை விசாரணை நடக்கும். ஆஸ்பத்திரிப் படியில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். கண்ணாடி விற்கிறவன் அவனாக இருக்கலாம், கண்ணுக்குக் காவல் நான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அவனும் கார் வாங்கினான்.

மூன்று பேர் கைமாறி வந்த கார். வாங்கும்முன் என்னைத்தான் கூட்டிப்போய்க் காட்டினான். இன்ஜின் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். நாலு வீலும்தான் பார்க்கச் சகிக்கவில்லை. முந்தைய சொந்தக்காரர் வண்டியை மழையில் போட்டே வளர்த்திருக்கிறார். ரிம் முழுக்கத் துரு பொரிந்து, கை வைத்தால் செதில் செதிலாக வந்தது. வாங்கிய வாரத்திலேயே ஒரு மதியம் என் கடைக்கு வந்தான்.

"அண்ணே, நாலு ரிம்முக்கும் பெயின்ட் அடிக்கணும். உங்க கடையில என்ன ஆகும்?"

சொந்தக்காரர்களுக்கென்று முதலாளி ஒரு விலை வைத்திருக்கிறார். பாதிக்கும் கீழே. அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலைக் கையால் காட்டினேன். தலையைச் சாய்த்துப் படித்தான்.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே அண்ணே."

"நல்ல வேலைன்னா ஆகத்தானே தம்பி செய்யும்."

"அதுவும் சரிதான்." முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "அப்ப வீட்டுலயே நானே அடிச்சுப் பாக்கட்டுமா? முக்கியமா எதைக் கவனிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

என்னைக் கேட்டால் சொல்ல எவ்வளவோ இருந்தது. இருபத்திரண்டு வருடம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. அதில் ஒரு துளியைக்கூட அவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்ல. துருவை எடுத்துட்டு அடிக்க வேண்டியதுதான்."

"அவ்வளவுதானா! தேங்க்ஸ் அண்ணே" என்று சந்தோஷமாகப் போனான். பெயின்ட் ஒழுகும், ஒரு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும், பிறகு இதே இடத்தில் வந்து நிற்பான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

அவன் குடியிருப்பது மாடியில் இரண்டு அறை. வேலை செய்ய இடமில்லை என்று மாமியார் வீட்டு முன்வாசலைக் கேட்டான். கேட்ட உடனே கிடைத்தது. கடைக்கு நாலு நாள் லீவு போட்டான். வியாழன் முதல் ஞாயிறு வரை, நாளுக்கு ஒரு வீல். கழற்றிய வீலுக்குப் பதிலாக ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, கழற்றியதைக் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே நான் தினமும் கடை முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். அது என் வீட்டுக்கு வழியே இல்லை.

முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவினான். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தான். வட்டமாகத் தேய்த்து, குறுக்கே தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தான். டயரில் பெயின்ட் படாமல் இருக்க எங்கள் கடையில் டேப் ஒட்டுவோம். அவன் பைசா செலவில்லாமல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். சீட்டுக்கட்டை எடுத்து, ஒவ்வொரு சீட்டாக டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகிக்கொண்டே போனான். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் வட்டமாக எழுந்து நின்றார்கள். அந்தச் சீட்டுக்கட்டு என் மாமனாருடையது. நான் ஒருமுறை அதைத் தொட்டதற்கு "வச்சிடுங்க மாப்பிள்ளை, கலைஞ்சிடும்" என்றவர், இப்போது தானே கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இங்க ஒரு ஆட்டீன் செருகுங்க" என்று யோசனை வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரைமர் மெல்லிசாக இரண்டு தடவை. அப்புறம் கருஞ்சாம்பல் நிறத்தில் ஸ்ப்ரே, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் கால்மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். பொறுமையில்லாதவன் அடித்தால்தான் பெயின்ட் ஒழுகும். அவன் அடித்தது ஒழுகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது முடிந்த இரண்டு வீலில் ஒன்று காரில் ஏறியிருந்தது, மற்றது சுவரில் சாய்ந்து நின்றது. கடையிலிருந்து வந்தது மாதிரி இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் கடையிலிருந்து அவ்வளவு நன்றாக ஒன்றும் வெளியே போனதில்லை.

"பாருங்களேன், எவ்வளவு நறுவிசு" என்றாள், அம்மாவைப் பார்க்க வந்திருந்த என் மனைவி. பிறகு வாசலில் நின்ற என் காரின் வீலைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு ஒரு சண்டை போட்டிருக்கலாம். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன், விற்றும் தீர்த்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் மாமியார் வீட்டில் சாப்பாடு. பெண்கள் உள்ளே வேலையாக இருந்தார்கள். மாமனார் படுத்துவிட்டார். முன்வாசலில் நானும் அவனும் மட்டும். கடைசி வீல் காய்ந்துகொண்டிருந்தது.

"தொட்டுப் பாருங்க அண்ணே, காஞ்சிடுச்சு. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்தேன். விளிம்பில் விரலை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது. நடுவில் இருக்கும் நாலு நட்டு ஓட்டைகளில் ஒன்றுக்குள் விரலை விட்டேன். அங்கேயும் வழவழவென்று இருந்தது. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"பின்பக்கமும் அடிச்சிருக்கியா?"

"ஆமாண்ணே. நாலு கோட், மேல வார்னிஷ்."

"பின்பக்கத்தை யார் பாக்கப்போறா?"

"யாரும் பாக்கலைன்னா என்ன? அடிக்காம விட்டது நமக்குத் தெரியுமில்ல?" என்று சிரித்தான்.

விஷயம் இதுதான். வீலைக் காரோடு பிடித்துக்கொண்டிருப்பது நாலே நாலு நட்டு. நட்டு உட்காருகிற இடத்தில் இரும்பு இரும்பைத்தான் தொடவேண்டும். வீலின் பின்முகம் வண்டியோடு சேருகிற இடத்திலும் அப்படித்தான். அங்கே தடிமனாகப் பெயின்ட் இருந்தால், முறுக்கும்போது நன்றாக இறுகிய மாதிரித்தான் தெரியும். வண்டி ஓடி, சூடேறி, நடுவில் இருக்கும் பெயின்ட் நசுங்கி உதிர்ந்தால், அந்த அளவுக்கு நட்டு தளர்ந்துபோகும். அதனால்தான் நாங்கள் பெயின்ட் அடிக்கும்முன் அந்த ஓட்டைகளை மூடிவிடுவோம். வீலைக் கழற்றி மாட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும், "ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை வந்து நட்டை டைட் பண்ணிக்குங்க" என்று சொல்லியனுப்புவோம். ஒரு நாளைக்கு இருபது தடவை என் வாயிலிருந்து தானாக விழுகிற வார்த்தை அது. அரைகுறையாக வேலை செய்கிறவன் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான். அவன் வெளிப்பக்கம் மட்டும் அடித்துவிட்டுத் தப்பித்திருப்பான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. பதினோரு வருடத்தில் முதல்தடவையாக அவன் கை தவறியிருக்கிறது. தவறியது என் ராஜ்ஜியத்தில். ஊருக்குள் நாலு நாள் ஓட்டுவான், சத்தம் வரும், என்னிடம் வருவான், எல்லோரும் பார்க்க வீலைக் கழற்றி, "இங்க பாத்தீங்களா" என்று காட்டுவேன். அந்தக் காட்சி அப்போதே என் கண்ணுக்குள் ஓடியது.

"எப்படி அண்ணே இருக்கு?" தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும்போதுதான் மாமியார் அதைச் சொன்னார்.

"டயர் மாப்பிள்ளை, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீங்க லீவு போட வேணாம். சின்ன மாப்பிள்ளை கார்லயே போயிட்டு வந்துடறேன். உங்களுக்கும் பாவம், எத்தனை தடவைதான் அலைவீங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது. ஆறு வருடம் நான் அலைச்சல் என்று ஒருநாள் முகம் சுளித்ததுண்டா? யாராவது என்னைக் கேட்டார்களா? அவன் பக்கத்தில் நின்று, "அண்ணனுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா" என்றான். எரிகிற கொள்ளியில் எண்ணெய். சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை தொண்டைக்குக் கீழே இறங்கிப் போய்விட்டது. எண்பது கிலோமீட்டர் என்ன ஆகிவிடப்போகிறது, மிஞ்சிப்போனால் சத்தம் வரும், வழியில் நிறுத்துவான், எனக்கு ஃபோன் பண்ணுவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓடுகிற வண்டியிலிருந்து வீல் கழன்று தனியாக உருண்டுபோனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமை முழுதாக ஒருநாள் எனக்குக் கிடைத்தது. சாயங்காலம் அந்த வழியாகப் போனேன். கார் வாசலில் நாலு வீலும் மின்ன நின்றது. மாமனார் அதைச் சுற்றிவந்து யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி இறங்கினால் ஒரு நிமிட வேலை. நான் ஹார்ன் மட்டும் அடித்துவிட்டுப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கடையைத் திறந்து, கம்ப்ரஸரைப் போட்டேன். ஒன்பதுக்கு மனைவியிடமிருந்து ஃபோன் வந்தது.

"என்னங்க, நானும் அம்மாகூடப் போய்க்கிட்டு இருக்கேன். தங்கச்சி வரலைன்னுட்டா, குழந்தைக்குக் காய்ச்சலாம். மத்தியானச் சாப்பாடு அடுப்படியில மூடி வச்சிருக்கேன்."

"எங்க போய்க்கிட்டு இருக்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான், தம்பி கார்ல. பாலம் தாண்டியாச்சு. சும்மா சொல்லக்கூடாதுங்க, குலுங்கவே இல்ல. முன்னாடிதான் ஏதோ டக்குடக்குன்னு லேசா சத்தம். டயர்ல கல்லு மாட்டியிருக்கும்னு தம்பி சொல்றாரு."

கம்ப்ரஸரை அணைத்தேன்.

"வண்டியை நிறுத்தச் சொல்லு."

"என்னது?"

"நிறுத்தச் சொல்லுடி! சடார்னு பிரேக் அடிக்க வேணாம், மெதுவா ஓரம் கட்டச் சொல்லு. யாரும் உள்ள உக்காராதீங்க, இறங்கிடுங்க. நான் வர்றேன்."

அவளிடம் அப்படி நான் கத்தியதே இல்லை. "தம்பி, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவள் சொல்வது கேட்டது. வண்டி சரளைக்கல்லில் ஏறி நிற்கிற சத்தம் கேட்கும்வரை நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் ஓட்டைக் காரை நம்பாமல் கடை பைக்கில் கிளம்பினேன். சட்டைப்பையில் ஒரு பிடி நட்டுகள். பாலம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, உள்ளேயிருந்து உதைத்தது. அவள் மட்டும் இன்றைக்கு அந்தக் காரில் ஏறாமல் இருந்திருந்தால் நான் இப்போது என்ன செய்துகொண்டிருப்பேன் என்று வழியில் ஒரு கேள்வி வந்தது. கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பதிலை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

பாலத்தைத் தாண்டி ஒரு மரத்தடியில் கார் நின்றது. அவன் பின்சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தான். மாமியாருக்கு நிழலில் விரிப்புப் போட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருந்தான். பக்கத்தில் என் மனைவி. நான் யாரிடமும் பேசாமல் நேராக முன்பக்க இடது வீலுக்குப் போய்க் குனிந்தேன். நாலு நட்டில் ஒன்றைக் காணோம். இரண்டு என் விரலுக்கே சுற்றின. ஒன்றே ஒன்று அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவனும் வந்து குனிந்தான். பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"நான் நல்லா முறுக்கினேனே அண்ணே. குறுக்கும் நெடுக்குமா, வீடியோல சொன்ன மாதிரியே முறுக்கினேன்."

"முறுக்கினது சரிதான். பெயின்ட் மேல முறுக்கியிருக்கே."

ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினேன். கத்தியால் ஓட்டைகளின் விளிம்பில் இருந்த பெயின்டைச் சுரண்டினேன். நாலு நாள் உழைப்பு சுருள் சுருளாக மண்ணில் விழுந்தது. பின்முகத்தையும் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு மாட்டி முறுக்கினேன். அப்படியே மற்ற மூன்றும். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கருவியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வீலைச் சுரண்டும்போது கேட்டான்.

"இந்த ஓட்டைக்குள்ள பெயின்டே படக்கூடாதா அண்ணே?"

"கூடாது."

"ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தான். ஓட்டைக்குள் இருந்த என் விரலைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். எதிரில் இருப்பவர் முகத்தை அளந்து பார்ப்பதுதானே அவன் தொழில்? நான் குனிந்துகொண்டு சுரண்டினேன்.

வேலை முடிந்து நிமிர்ந்தபோது மாமியார் எழுந்து வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எப்படி மாப்பிள்ளை, கடையில இருந்துக்கிட்டே உங்களுக்குத் தெரிஞ்சுது?"

என் மனைவியும் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை. பொய்யும் வரவில்லை. முழுப் பூசணிக்காய் கையில் இருந்தது, மறைக்கத்தான் சோறு இல்லை.

"என் தப்புதான் அத்தை" என்றான் அவன். "அண்ணன் ஞாயித்துக்கிழமையே வீலைத் திருப்பிக் காட்டுடான்னு கேட்டாரு. எல்லாம் மாட்டினதுக்கு அப்புறம் பாருங்கன்னு நான்தான் திமிரா சொல்லிட்டேன். காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரு. இன்னைக்கு அக்கா சொன்ன சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிட்டாரு பாருங்க."

சாதாரணமாகச் சொன்னான். கண்ணாடியை மாட்டிவிட்டு, உங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கிரீஸ் அழுக்கு என்று இழுத்தேன், விடவில்லை. "எங்க உசுரைக் காப்பாத்தினீங்க. இனிமே நான் எங்க போனாலும் பெரிய மாப்பிள்ளைகூடத்தான்" என்றார். டயர் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. பெரிய மாப்பிள்ளை என்றார். அதற்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்துக்கிடந்தேன்.

"மிச்ச தூரத்துக்கு நீங்களே ஓட்டுங்க அண்ணே. நான் பைக்கை எடுத்துக்கிட்டுக் கடையில போட்டுடறேன்" என்று சாவியைக் கொடுத்தான் அவன். கைகழுவப் பாட்டிலில் இருந்து தண்ணீர் ஊற்றினான். பெண்கள் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அடுத்த தடவை என்னைத் திட்டியாவது சொல்லிடுங்க அண்ணே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரிச் சொன்னான். நான் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் மாமியாருக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். அரைமணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மங்கலாக இருக்கும். நானும் என் மனைவியும் எதிர்வரிசை நாற்காலியில் இருந்தோம். அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் அவரைக் கண்டாலே ஆகாது, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதீங்க. ஆனா பாருங்க, தப்பு என்னோடதுன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாரு. அதுக்கும் ஒரு மனசு வேணும்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் ஒருத்தியிடமாவது சொல்லியிருக்கலாம். நான் "ஆமா" என்றேன். அவன் கையைப் பார்த்து, காரைப் பார்த்து, அந்த நாலு வீலைப் பார்த்து நான் வெந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அந்த வேலையெல்லாம் முயன்றால் நானும் செய்துவிடுவேன். அவன் இடத்தில் நான் இருந்து, என் இடத்தில் அவன் இருந்திருந்தால், ஊரைக் கூட்டி அவன் மானத்தை வாங்கியிருப்பேன். எனக்காக அவன் சொன்ன பொய்யை அவனுக்காக நான் சொல்லியிருக்க மாட்டேன். உயிரோடு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கேட்ட மரியாதை கைக்கு வந்துவிட்டது, அப்போதும் என் வயிறு அவனை நினைத்துத்தான் எரிந்தது.

நர்ஸ் மாமியாரின் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்துபோய்க் கையைப் பிடித்தேன். மருந்து விட்ட கண்ணால் என் பக்கம் திரும்பி, "பெரிய மாப்பிள்ளைதானே?" என்று கேட்டு, என் கையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். "நீங்க இருக்கறப்ப எனக்கு என்ன பயம்" என்றார். என் முகம் அவருக்குத் தெரியவில்லை.